பட்ஜெட் பக்கத்தை முதலில் எழுதுங்கள்: கொடைக்கானல் மேல்மலையில் ஒரு அறிவியல் கல்வித் திட்டம் நடத்திய அனுபவம்

அரசு நிதியில் பள்ளி அறிவியல் கல்வித் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன், குறிப்பாக மலைப்பகுதியில் வேலை செய்யப்போகிறவர்களுக்கு. நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பிறந்து வளர்ந்தது கொடைக்கானல் கீழ்மலை. 2022இல் மத்திய அரசின் நிதி அமைப்பு ஒன்றிலிருந்து மூன்றாண்டுத் திட்டம் ஒன்று கிடைத்தது. பூம்பாறைக்கு அப்பால் இருக்கிற மேல்மலைக் கிராமங்களில், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் சோதனைகளைத் தங்கள் கையாலேயே செய்து படித்தால் அவர்களுடைய புரிதல் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அனுமதி ஆணை வந்த அன்று துறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். திட்டம் முடிந்தபோது கைக்காசு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருந்தது, இரண்டு வளையல் அடகில் இருந்தது, எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரைகளில் பாதி எழுதப்படாமல் கிடந்தது. யாரும் ஏமாற்றவில்லை. விதிகள் அப்படி, மலை அப்படி. இரண்டையும் தெரிந்த யாராவது முன்கூட்டியே ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் போதும். அப்படி யாரும் இல்லை.

முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நாம் எல்லோரும் விண்ணப்பத்தில் ஆய்வு முறை, முன்னோடி ஆய்வுகள், எதிர்பார்க்கும் விளைவு என்று மாதக்கணக்கில் எழுதுகிறோம். பட்ஜெட் பக்கத்தைக் கடைசி நாள் ராத்திரி, பழைய விண்ணப்பம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புகிறோம். ஆனால் ஒரு பொருள் குழந்தையின் கைக்குப் போய்ச் சேருமா சேராதா என்பது அந்தப் பக்கத்தில்தான் முடிவாகிறது. கேப்பிட்டல், ஜெனரல் என்று இரண்டு பெரிய தலைப்பு இருக்கும். உபகரணம் எல்லாம் கேப்பிட்டல். சம்பளம், பயணம், நுகர்பொருள் (பயன்படுத்தித் தீர்ந்துபோகும் சாமான்), சில்லறைச் செலவு எல்லாம் ஜெனரல். ஜெனரலுக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள அனுமதி கிடைக்கும். கேப்பிட்டலிலிருந்து ஜெனரலுக்கு மாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். உபகரணத்தில் பெரிய தொகை போட்டால் திட்டம் கனமாகத் தெரியும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள், அப்படியே போட்டேன். நுகர்பொருளுக்கு மிஞ்சியது சொற்பம்.

உபகரணத் தொகையில் பெரும்பகுதி மாணவர் நுண்ணோக்கிகளுக்குப் போனது. அறிவியல் கருவிகளுக்குப் பேர்போன ஹரியானா ஊர் அம்பாலாவிலிருந்து வந்த நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். பள்ளிகளுக்குக் கொடுத்து, சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, தலைமையாசிரியர்களிடம் கையெழுத்தும் வாங்கினோம். ஒரு பள்ளியில் அடுத்த மாதம் போய்க் கேட்டால் எல்லாம் பீரோவுக்குள் இருக்கிறது, சாவி தலைமையாசிரியர் கைப்பையில். "பிள்ளைங்க கையில குடுத்து உடைஞ்சா யாரும்மா பொறுப்பு? என் கையெழுத்துதானே இருக்கு. நான் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு ஆகணும்" என்றார். எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஜீப்பில் திரும்பும்போது யோசித்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. மானியத்தில் வாங்கிய சொத்தை நிதி கொடுத்தவர் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து கழிக்க முடியாது. மத்திய அரசின் பொது நிதி விதிகளே அப்படித்தான். உடைந்த நுண்ணோக்கிக்குப் பதில் சொல்ல அவரிடம் எந்தக் காகிதமும் இல்லை. நானும் கொடுக்கவில்லை, எனக்கும் யாரும் கொடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து பீரோவைத் திறந்தபோது லென்சுகளில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. மேல்மலையில் மாதக்கணக்கில் மூட்டம் விலகாது, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். சமவெளிக்கு எழுதிய பராமரிப்புக் குறிப்பு இங்கே செல்லாது. அப்புறம் கற்றுக்கொண்டது இது: லென்சு உள்ள எதையும் துணியுறைக்குள்ளோ தோல் பெட்டிக்குள்ளோ மூடி வைக்கக் கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். நிறம் மாறும் ஜெல்லாக வாங்கினால், நீலம் இளஞ்சிவப்பானதும் தோசைக்கல்லில் மெதுவாகச் சூடாக்கி மறுபடி நீலமாக்கிக்கொள்ளலாம். அதற்கென்று ஒரு கல்லை ஒதுக்கிவிடுங்கள், சமையலுக்கு எடுக்காதீர்கள். மின்சாரம் ஒழுங்காக இருக்கும் பள்ளியில் பீரோவுக்குள் 15 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டாலும் போதும், கொடைக்கானல் வாசிகள் கேமராவை அப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு சில ஆயிரம். ஆனால் 'பராமரிப்பு' என்று ஒரு வரி பட்ஜெட்டில் இல்லாவிட்டால் அந்தச் சில ஆயிரமும் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

இந்தத் தலைமையாசிரியர் விஷயத்துக்கு நான் கண்ட வழி, தாமதமாகக் கண்ட வழி: விலை குறைந்த, உடையக்கூடிய பொருள் எல்லாவற்றையும் நுகர்பொருளில் எழுதுங்கள். தெர்மாமீட்டர், கை லென்சு, காந்தம், மின்கலம், ஒயர், சின்ன மோட்டார், அளவுக் குவளை எல்லாம் அதில் வரும். எதெல்லாம் சொத்து, எதெல்லாம் தீர்ந்துபோகும் சாமான் என்று உங்கள் கணக்கு அலுவலரிடம் விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்திலேயே 'பிள்ளைகள் பயன்படுத்துவதால் வருடத்துக்கு இத்தனை சதவீதம் உடைசல் எதிர்பார்க்கப்படுகிறது' என்று ஒரு வாக்கியம் போட்டுவிடுங்கள். அந்த வாக்கியத்தின் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தால் பீரோ தானாகத் திறக்கும். இரண்டாம் ஆண்டில் உடைசல் பதிவேடு என்று ஒரு நோட்டை நானே தொடங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பள்ளியில் நுண்ணோக்கி மேசைக்கு வந்தது.

இத்தனைக்கும் திட்டத்தில் உருப்படியாக நடந்த பாடம் நுண்ணோக்கியில் இல்லை, சாதாரண ஆல்கஹால் தெர்மாமீட்டரில் நடந்தது. (பாதரசம் வேண்டாம். வளைவுச் சாலையில் ஜீப்பில் உடைந்தால் தீராத தொல்லை.) சத்துணவுக் கூடத்து அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, சிவப்புக் கோடு 93-ஐத் தாண்டிக் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. "டீச்சர், இது கெட்டுப்போச்சு" என்றான் ஒருவன். வேறு தெர்மாமீட்டர் கொடுத்தேன், அதுவும் அங்கேயே நின்றது. புத்தகத்தில் 100 என்று இருக்கிறது, ஆக எல்லாமே மட்ட சரக்கு என்று ஒரு கூட்டம் முடிவுகட்டிவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும், "எங்க வீட்ல குக்கர் இல்லாம பருப்பு வேகவே வேகாது டீச்சர். ஆனா வத்தலகுண்டுல அத்தை வீட்ல வெறும் சட்டியிலயே வெந்துடும்" என்றாள். நான் விடை சொல்லவில்லை. ஜீப் ஓட்டும் தம்பியிடம் அதே தெர்மாமீட்டரைக் கொடுத்து அனுப்பினோம். மலையடிவாரத்து வத்தலகுண்டு டீக்கடையில் கொதிக்கிற பாய்லர் தண்ணீரில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார், 99-க்குப் பக்கத்தில். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்குக் கொதிநிலை ஒரு டிகிரி குறையும் என்ற கணக்குக்கு அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். கொடைக்கானல் ஊர் கிட்டத்தட்ட 2,100 மீட்டர், அங்கே எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் செய்தார்கள். அந்தத் தெர்மாமீட்டர் விலை 150 ரூபாய்க்குள்தான். நுண்ணோக்கி ஒன்றின் விலையில் ஒரு வகுப்புக்கே வாங்கியிருக்கலாம்.

இது ஒன்றும் புதிய ஞானம் இல்லை. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் இப்படித்தான் கையில் கிடைக்கும் பொருளை வைத்து நடந்தது. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி முப்பது வருடம் ஓடியது, 2002இல் அந்த மாநில அரசு நிறுத்திவிட்டது. பின்னாளில் பழைய பொருளில் அறிவியல் பொம்மை செய்வதில் பேர்பெற்ற அரவிந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும் வைத்து உருவங்கள் செய்யத் தொடங்கியதும் அங்கேதான். நம் விண்ணப்பங்களின் முன்னுரையில் இதையெல்லாம் மரியாதையாகக் குறிப்பிடுகிறோம், அடுத்த பக்கத்தில் லட்ச ரூபாய்க்கு உபகரணப் பட்டியல் போடுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பழக மத்திய அரசு நிதி கொடுக்கும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்குப் பள்ளிக்கு 20 லட்சம் என்று ஒரு கணக்கு இருந்தது, ஆய்வகம் அமைக்க 10, நடத்த 10. அந்தப் பாதிக்குப் பாதி பிரிப்பைப் பார்த்தாவது நான் யோசித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மலிவான பொருளிலும் மலைக்கென்று சில சங்கடங்கள் உண்டு. செலவில்லாச் சோதனைக் கையேடு எதை எடுத்தாலும் ஸ்ட்ராவும் பிளாஸ்டிக் பாட்டிலும்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. கொடைக்கானலுக்குச் சின்னத் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுபோகவும் கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு சாக்கு நிறையக் காலிப் பாட்டில்களோடு சோதனைச் சாவடியில் நின்று, "இது குப்பை இல்லைங்க, காற்றழுத்தம்" என்று நான் விளக்கிக்கொண்டிருந்த காட்சியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. காகித ஸ்ட்ரா மேல்மலை ஈரத்தில் அரை மணியில் நமத்துப்போகும். கடைசியில் ஆய்வகத்துக்கு வரும் மெல்லிய ரப்பர் குழாயைச் சுருளாக வாங்கி வெட்டிக்கொண்டோம், கண்ணாடிச் சாஸ் பாட்டில்களை ஊரிலேயே சேகரித்தோம். காற்றழுத்தத்துக்கு அதைவிட நல்ல பொருள் ஒன்று தானாகவே கிடைத்தது. கீழேயிருந்து மலையேறும் சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்கும். பிள்ளைகள் தினமும் பெட்டிக்கடையில் பார்ப்பதுதான், ஏன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அடுத்தது ஜீப். பயணத் தலைப்பில் நான் போட்டது பேருந்துக் கட்டணமும் அவ்வப்போது வாடகைக் காரும். மேல்மலைக்குப் பேருந்து இருக்கிறது, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பள்ளி நேரத்துக்குப் போய் அன்றே திரும்ப அந்தப் பேருந்து உதவாது. ஜீப்காரர்கள் நல்லவர்கள், ஆனால் பில் கொடுக்க மாட்டார்கள், பில் புத்தகமே கிடையாது. வருடக் கடைசியில் ஆடிட்டர் என் துண்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். "மேடம், இதுல வண்டி நம்பர் இல்ல, கையெழுத்து இல்ல, எதுக்குப் போனீங்கன்னும் இல்ல. நான் எப்படி ஒத்துக்கிறது?" அந்த ஆண்டு ஜீப் வாடகையில் பெரும்பகுதி என் தலையில் விழுந்தது. அப்புறம் கல்லூரி அலுவலகத்து அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: முன்பே ஒரு வவுச்சர் படிவம் அச்சடித்துக்கொள்ள வேண்டும். அதில் வண்டி எண், ஓட்டுநர் பெயர், எங்கிருந்து எங்கே, கிலோமீட்டர், நோக்கம், பள்ளித் தலைமையாசிரியரின் சான்றொப்பம் எல்லாம் வர வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்கோ யூபிஐக்கோ அனுப்ப வேண்டும். அனுமதி ஆணையில் 'உள்ளூர் வாடகை வாகனம்' என்ற சொல் இருக்கும்படி விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். இன்னொன்று, எங்கள் திட்டத்தில் பயணத் தலைப்பு ஆய்வாளருக்கும் உதவியாளருக்கும் மட்டும்தான். பிள்ளைகளைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப்போக அதில் இடமில்லை. வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்த இடம், அவர்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம், பாதிப் பேர் பார்த்ததே இல்லை. அந்த வேன் வாடகை நான் கொடுத்தது. அதற்கு மட்டும் வருத்தமில்லை.

விலைப்புள்ளி கேட்கும்போதும் 'பள்ளி வாசலில் இறக்கிக் கொடுக்கும் விலை' என்று எழுதிக் கேளுங்கள். மிகக் குறைந்த விலை சொன்னவர் கல்லூரி வாசலோடு இறக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து மலைக்கு ஏற்றியது தனிச் செலவு.

இனி காலண்டர். இதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள். பணத்துக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருடம், பள்ளிக்கு ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரு வருடம், மலைக்கு இரண்டையும் மதிக்காத இன்னொரு வருடம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும், மரம் விழும், மின்சாரம் போகும். ஏப்ரல், மே சீசனில் ஜீப் வாடகை எகிறும், சாலை நகராது. 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிக்கு இ-பாஸும் வேண்டும். பூண்டு பிடுங்கும் நாட்களில் வகுப்பில் பாதிப் பேர் தோட்டத்தில் இருப்பார்கள். உருப்படியாக வேலை செய்யக் கிடைப்பது ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, அப்புறம் ஜனவரி, பிப்ரவரி. ஆனால் பணம் எப்போது வரும்? எங்களுக்கு ஒரு தவணை பிப்ரவரியில் வந்தது. மார்ச் 31க்குள் செலவு செய்தாக வேண்டும். இப்போது பல மத்திய திட்டங்களில் பூஜ்ய இருப்புக் கணக்கு முறை. செலவாகாத தொகை நிதியாண்டு முடிந்ததும் திரும்பிப் போய்விடும், மறுபடி கேட்டு வாங்க வேண்டும். அந்த மார்ச்சில் நான் அறிவியல் செய்யவில்லை, கடை கடையாக ஏறி இறங்கினேன். உங்கள் கால அட்டவணையில் முதல் வருடத்தைப் பயிற்சி, கேள்வித்தாள் தயாரிப்பு, பெற்றோர் ஒப்புதல் என்று பணம் அதிகம் தேவைப்படாத வேலைகளாக வையுங்கள். பள்ளியில் செய்யும் சோதனைகளை ஜூலையில் தொடங்குகிற மாதிரி எழுதுங்கள், எந்த மாதம் அனுமதி கிடைத்தாலும் சரி.

வளையல் கதைக்கு வருகிறேன். இரண்டாம் தவணை, முதல் தவணையின் பயன்பாட்டுச் சான்றிதழ் (கொடுத்த பணம் உரிய வேலைக்கே செலவானது என்ற சான்று) போனால்தான் வரும். அந்தச் சான்றிதழுக்கான 12-ஏ படிவம், செலவுக் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, கணக்கில் சேர்ந்த வட்டியைத் திருப்பிக் கட்டிய ரசீது எல்லாம் சேர வேண்டும். கல்லூரித் தணிக்கை முடிய ஆகஸ்ட் ஆனது, அனுப்பி அங்கே பரிசீலித்துப் பணம் வர அடுத்த வருடம் ஆனது. இடைப்பட்ட மாதங்களில் திட்ட உதவியாளருக்குச் சம்பளம் இல்லை. மன்னவனூர் பக்கத்துப் பெண், எம்.எஸ்சி. படித்தவள், வீட்டில் அவள் சம்பளம்தான். "பரவாயில்லக்கா, வந்ததும் குடுங்க" என்றாள். எத்தனை மாதம் அப்படிச் சொல்ல முடியும்? கூட்டுறவு வங்கியில் வளையலை வைத்து மாதாமாதம் அவளுக்குக் கொடுத்தேன். பணம் வந்த பிறகு கேட்டால், நான் கையில் கொடுத்ததைத் திட்டச் செலவாகக் காட்ட வழியில்லை என்றார்கள். கல்லூரிக் கணக்கிலிருந்து போயிருந்தால் ஈடுகட்டலாம், தனி ஆள் கொடுத்தது தனி ஆள் விஷயம். அன்று ராத்திரி நன்றாக அழுதேன். வீட்டில், "யார் உன்னைக் கேட்டாங்க?" என்றார்கள், அதற்கும் பதில் இல்லை.

மானியம் உங்களுக்கு வருவதில்லை, கல்லூரிக்கு வருகிறது. அதனால் விண்ணப்பத்தில் முதல்வர் கையெழுத்துப் போடும் அன்றே இன்னொரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்: தவணை தாமதமானால் உதவியாளர் சம்பளத்தையும் அவசரச் செலவையும் கல்லூரி முன்பணமாகக் கொடுத்து, நிதி வந்ததும் ஈடுகட்டிக்கொள்ளும் என்று நிர்வாகக் குழுத் தீர்மானத்தோடு. மேல்நிலைச் செலவு (ஓவர்ஹெட்) என்று கல்லூரிக்கு ஒரு பங்கு போகிறதே, அதைக் காட்டியே இதைக் கேட்கலாம். கேட்க வெட்கப்படாதீர்கள். வெட்கத்துக்கு வட்டி கட்டியவள் சொல்கிறேன்.

ஆய்வுப் பக்கத்தில் பட்டதும் கொஞ்சம் உண்டு. ஒப்பீட்டுப் பள்ளிகள் என்று சிலவற்றை வைத்திருந்தோம், அங்கே வழக்கமான கற்பித்தல் மட்டும். 2022 நவம்பர் கடைசியில் தமிழக அரசின் வானவில் மன்றம் தொடங்கியது, அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புகளுக்குக் கருத்தாளர்களே வந்து சோதனை செய்து காட்டும் திட்டம். பிள்ளைகளுக்கு நல்லது, என் ஒப்பீட்டுக்குக் கெட்டது. 'எதுவும் செய்யாத பள்ளி' என்று ஒன்று இல்லாமலே போனது. நல்லவேளையாக, எந்த வகுப்பில் யார் எந்தச் சோதனையைத் தொட்டுச் செய்தார்கள் என்று உதவியாளர் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தாள். பள்ளிக்குப் பள்ளி ஒப்பிடுவதை விட்டு, பார்த்தவர்களையும் தொட்டவர்களையும் ஒப்பிட்டோம். எழுத்துத் தேர்வில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பொருளைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஆகவே செய்முறைத் தேர்வு ஒன்றை முதல் நாளிலிருந்தே வையுங்கள், அந்த நாட்குறிப்பையும் எழுதுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தில் தலைமையாசிரியர் பெயர் வேண்டாம், பதவி மட்டும் இருக்கட்டும். மாறுதல் கலந்தாய்வில் ஆள் மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இப்போது நிலவரம்: நுண்ணோக்கிகளைப் பள்ளிகளுக்கே விட்டுவிட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. கடைசித் தவணையும் வரவில்லை. இறுதிக் கணக்கில் ஒரு பக்கத்தில் முத்திரை விட்டுப்போயிருக்கிறதாம். திங்கட்கிழமை ஆடிட்டர் அலுவலகம் போக வேண்டும்.